தீட்டுச் சம்பளம்

விடிகாலை ஐந்தேகாலுக்கு முருகனுக்குக் கற்பூரம் காட்டினார்கள்.

முருகன் என்பது பஸ். ராசிபுரத்திலிருந்து சேலம் போய்த் திரும்பும். இன்னொரு பஸ்ஸின் பெயர் வள்ளி. அது ராசிபுரத்திலிருந்து தம்மம்பட்டி போகும். கொல்லிமலை கண்ணில் பட்டதும் வள்ளி ஏதாவது ஒரு மேட்டில் நின்றுவிடும்.

"மலைக்காரிச்சி. பொறந்த ஊட்டப் பாத்ததும் நிக்கறா" என்பார் முதலாளி சென்னிமலைக் கவுண்டர். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை என்று டிரைவர் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

இரண்டு பஸ்களும் அவருக்குக் கோயில். கருவாட்டுக்கு இடமில்லை. செருப்புக்கும் இடமில்லை. பயணிகளின் செருப்புகள் ஒரு கூடையில், கூரைமேல் போகும். சேலத்தில் இறங்கியபின் பாதிப் பேர் அடுத்தவர் செருப்பில் நடந்தார்கள்.

ஆள் எடுப்பதிலும் கவுண்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. காசு புழங்கும் இடத்தில் சொந்தக் கூட்டத்து ஆள்தான் இருக்க வேண்டும். கூட்டம் என்றால் ஒரே குலம், ஒரே குலதெய்வம். எல்லாரும் பங்காளிகள். முருகனின் டிரைவர் ராசப்பன் பங்காளி. அதன் கண்டக்டர் சின்னண்ணன் பங்காளி. வள்ளியின் கண்டக்டர் சரவணமுத்துவும் பங்காளி. வள்ளிக்கு மட்டும் கூட்டத்தில் டிரைவர் கிடைக்கவில்லை. மேட்டில் நிற்கும் வண்டியை ஓட்ட யாரும் சம்மதிக்கவில்லை. கவுண்டர் மனமில்லாமல் சேலத்திலிருந்து செபஸ்தியானை வரவழைத்தார்.

செபஸ்தியான் கத்தோலிக்கன். கற்பூரம் காட்டும்போது தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பான். அவன் மனைவி இன்பமேரிக்கு இது ஒன்பதாவது மாதம். தலைச்சன். அவளுக்குத் தாய் இல்லை. அவனுக்கும் இல்லை. ராசிபுரத்தில் உறவென்று ஒருவரும் இல்லை. வலி வரும்போது கணவன் எங்கோ ஒரு மேட்டில் வள்ளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான் என்று அவள் பயந்தாள். அவனும் அதையேதான் பயந்தான். வீட்டில் இருந்துவிடலாம். ஆனால் ஓடாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாவிட்டால் பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி கிடையாது.

அந்த மாசி மாதக் காலையில் ராசப்பன் வண்டிக்கருகே வரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கூப்பிட்டான்.

"பெரியப்பா! பையன் பொறந்திருக்கறானுங்க!"

"நல்லதுடா சாமி! ஊட்ல சொகமா?"

"சொகந்தானுங்க."

கவுண்டர் கற்பூரத் தட்டோடு இரண்டடி முன்னால் வந்தார். நினைவு வந்ததும் நான்கடி பின்னால் போனார்.

"தீட்டுக் கழியற வரைக்கும் வண்டியத் தொட்டறாதே."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் அக்கட்ட நிக்கறன். சம்பளமுங்க?"

"ஓடாத நாளைக்கு ஏதுடா சம்பளம்?"

"நான் ஓட்ட மாட்டேன்னு சொல்லலீங்களே. ஊம்னு சொல்லுங்க, இப்பவே ஏறி உக்காந்துக்கறேன். நீங்கதான் வேண்டாங்கறீங்க."

"நானெங்கடா வேண்டாங்கறேன்? முருகன் வேண்டாங்கறான்."

"அப்ப முருகனையே குடுக்கச் சொல்லுங்க. வசூல் பூரா அவன் பேர்லதானுங்களே வருது?"

உள்ளே உட்கார்ந்திருந்த பயணிகள் சிரித்தார்கள். கவுண்டரின் மனைவி பொன்னாத்தாள் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"ஏனுங்க, நம்ம செவலை ஈனுனப்ப அதுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வெச்சீங்களா இல்லீங்களா?"

"வெச்சேன்."

"அன்னைக்கு அது பாலு கறந்துச்சுங்களா?"

"ஈனுன அன்னைக்கு எப்படிடி கறக்கும்?"

"கறக்காத மாட்டுக்கு எதுக்குங்க தீனி வெச்சீங்க?"

"ஈனுனது மாடு. இங்க ஈனுனது ராசப்பன் இல்லியே!"

"தீட்டு ராசப்பனுக்குத்தானுங்களே?"

பயணிகள் கவுண்டரைப் பார்த்தார்கள். ராசப்பன் பார்த்தான். சேலம் போக நேரமாகிக்கொண்டிருந்தது. கவுண்டருக்கு முகம் சிவந்தது.

"சரி! தீட்டு லீவுக்குச் சம்பளம் உண்டு! போதுமா?"

கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. இது ஊருக்கெல்லாம் தெரியும். கவுண்டருக்கும் தெரியும். கற்பூரம் அணைந்த பிறகுதான் நினைவு வந்தது.

பஸ் கிளம்புவதற்குள் செபஸ்தியான் அருகில் வந்தான்.

"மொதலாளி, அடுத்து என் சம்சாரத்துக்குத்தாங்க."

"சந்தோசமப்பா."

"எனக்கும் லீவு உண்டுங்களா?"

"தாராளமா. உங்களுக்குத் தீட்டு உண்டா?"

செபஸ்தியான் பொய் சொல்லிப் பழகாதவன். "எங்களுக்கு அதெல்லாம் கெடையாதுங்க" என்றான்.

"அப்ப லீவு எதுக்கு?"

"அவளப் பாத்துக்கறதுக்குங்க."

"பாத்துக்கறதுக்கெல்லாம் யாரப்பா லீவு குடுப்பாங்க?" கவுண்டர் உண்மையாகவே வியந்தார். "லீவு தீட்டுக்குத்தான்."

அன்று முருகனையும் செபஸ்தியானே சேலத்துக்கு ஓட்டிப் போய் வந்தான். பிறகு வள்ளியைத் தம்மம்பட்டிக்கு ஓட்டினான்.

மறுநாள் காலை எதிர்ப்பக்கத்தில் இருவர் நின்றார்கள். ராசப்பனும் சின்னண்ணனும்.

"ஏன்டா, நீ எதுக்கு அங்க நிக்கற?" என்றார் கவுண்டர்.

"ராசப்பன் எனக்குப் பங்காளிங்க" என்றான் சின்னண்ணன். "பங்காளி ஊட்டுத் தீட்டு எனக்கும் தீட்டுதானுங்களே."

"நேத்தெல்லாம் டிக்கெட் குடுத்தியேடா!"

"நேத்து நெனப்பு வரலீங்க. சம்பளம் உண்டுன்னதுக்கு அப்பறந்தானுங்க யோசிச்சேன்."

வள்ளியின் கண்டக்டர் சரவணமுத்து அப்போதுதான் வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கமே போய் நின்றான்.

"நீயுமா?"

"மூணு பேரும் ஒரே கூட்டமுங்களே."

ராசப்பன் தொண்டையைக் கனைத்தான். "பெரியப்பா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களும் இக்கட்ட வந்துருங்க."

கவுண்டர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். முருகனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அவன் சொல்றது செரிதானுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

கவுண்டர் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து மற்ற மூவரோடும் போய் நின்றார். ராசப்பன் மரியாதையாக இடம் விட்டான்.

பஸ் பக்கம் செபஸ்தியான் ஒருவன்தான் மிஞ்சினான்.

"தட்ட எடப்பா" என்று கத்தினார் கவுண்டர்.

"நானுங்களா?"

"உனக்குத்தான் தீட்டே கெடையாதே! கற்பூரத்தப் பத்த வை. எடமிருந்து வலமாச் சுத்து. எடம்பா, எடம்! ஸ்டேரிங் பக்கமிருந்து!"

செபஸ்தியான் சுற்றினான். சுற்றி முடித்த கை பழக்கத்தில் சிலுவை போட நெற்றிக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி, தொப்பியைச் சரி செய்துகொண்டான். முன்னாலிருந்த கைப்பிடியின் முதல் சுழற்றலிலேயே முருகன் ஸ்டார்ட் ஆனது.

"கைராசிக்காரன்" என்றாள் உள்ளே இருந்த ஒரு கிழவி.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. செபஸ்தியான் கற்பூரம் காட்டினான். டிக்கெட் கொடுத்தான். செருப்புக் கூடையை மேலே ஏற்றினான். காலையில் முருகனை ஓட்டினான், மதியத்துக்கு மேல் வள்ளியை ஓட்டினான். மாலையில் காசுப் பையைப் பொன்னாத்தாள் முன்னால் வைப்பான். தீட்டு வீட்டுக்குள் வரும் காசு என்பதால் அவள் அதில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். கவுண்டர் வீட்டில் இரவெல்லாம் ஈரச் சில்லறை காய்ந்தது.

ராசப்பன் வீட்டுத் தீட்டு கழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கவுண்டர் காத்திருந்தார். அது கழிவதற்குள் திருச்செங்கோட்டில் ஒரு பங்காளிக்குப் பெண் பிறந்தது. செய்தியைக் கொண்டுவந்தவன் சின்னண்ணன். லீவில் அவனுக்கு வேறு வேலை இல்லை. சந்தை சந்தையாகப் போய்ப் பங்காளி வீடுகளில் யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று விசாரித்தான். ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"பரமத்தியில நம்ம பங்காளி ஒருத்தருக்கு ரெட்டைங்க!"

"ரெட்டைன்னா தீட்டும் ரெட்டையாடா?" என்றார் கவுண்டர்.

"அத யோசிக்கோணுமுங்க."

"இந்தக் கூட்டத்துல இத்தனை பேரா இருக்கறாங்க?"

"போன வருசம் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டுறப்ப, நம்ம கூட்டம் ஆலமரமாட்டப் பெருகோணும்னு நீங்கதானுங்க வேண்டுனீங்க."

சேலத்தில் வேறு டிரைவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டால் ஓட்டுகிறவனுக்கும் சம்பளம், உட்கார்ந்திருக்கிறவனுக்கும் சம்பளம். கவுண்டர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். செபஸ்தியான் ஒருவன் போதும் என்று தீர்மானித்தார்.

செபஸ்தியான் வீட்டுக்கு வரும்போது இன்பமேரி தூங்கியிருப்பாள். கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவன் உபதேசியார் சவரியாரைப் பிடித்தான். சாமியார் வராத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்பவர் அவர். நல்ல மனிதர். கேள்வி மட்டும் பிடிக்காது.

"உபதேசியாரே, நமக்குத் தீட்டு உண்டா?"

"கெடையாது."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூடக் கெடையாது. என்னடா கேள்வி இது?"

"மாதா பிள்ளை பெத்து நாப்பது நாள் கழிச்சுத்தான் கோயிலுக்குப் போனாங்கன்னு மெழுகுவர்த்தித் திருநாளன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அந்த நாட்டு மொறை. தீட்டுன்னு சொல்லாதே."

"சொல்லலை. அந்த நாப்பது நாளும் அவங்க ஊட்டுக்காரர் சூசையப்பர் எங்க இருந்தார்?"

"மாதா கூடத்தான். வேற எங்க இருப்பார்?"

"தச்சுப் பட்டறைக்குப் போகலியா?"

"பட்டறை இருந்தது நாசரேத்துல. பிள்ளை பொறந்தது பெத்லகேமுல. எப்படிடா போவார்?"

"அப்ப அவர் லீவுல இருந்திருக்கார்."

சவரியார் யோசித்தார். "அப்படியும் சொல்லலாம்" என்றார்.

"சாப்பாட்டுக்கு?"

"அதான் மூணு ராசாக்கள் வந்து பொன்னும்..." சவரியார் நிறுத்திக்கொண்டார்.

செபஸ்தியான் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டு ஓடினான்.

மறுநாள் விடிகாலை. செபஸ்தியான் முருகனின் படியில் நின்றான். கவுண்டர் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றார். நடுவில் தெரு.

"மொதலாளி! எங்களுக்கும் உண்டுங்க!"

"என்னது?"

"தீட்டுங்க!"

"இல்லேன்னு சொன்னியேப்பா!"

"அப்ப விசாரிக்கலீங்க!"

"எத்தனை நாளு?"

"நாப்பதுங்க!"

கவுண்டர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கே அத்தனை கெடையாதே! புள்ள பெத்தவளுக்கா, உனக்கா?"

"சூசையப்பரும் வேலைக்குப் போகலீங்க!"

"அவரு யாரு? எந்தக் கம்பெனி?"

"தச்சு வேலைங்க!"

"அவருக்குச் சம்பளம் யாரு குடுத்தா?"

"மூணு ராசா வந்து பொன்னு குடுத்தாங்க!"

"நான் ஒருத்தன்தானப்பா இருக்கறேன்!" என்று அலறினார் கவுண்டர்.

வேலி ஓரத்தில் நின்ற பொன்னாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"புள்ள பொறக்கட்டும், பேசிக்கலாம்" என்றார் கவுண்டர். "இப்ப வண்டிய எடு. எதிர்க் கம்பெனி பஸ்காரன் ஹாரன் அடிக்கறான்."

அன்று வள்ளி எந்த மேட்டிலும் நிற்காமல் சீக்கிரம் திரும்பியது. இன்பமேரி விழித்திருந்தாள். செபஸ்தியான் நடந்ததைச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"எம்புள்ள பொறந்தா ஊடு தீட்டுன்னு சொல்லியா சம்பளம் வாங்கப் போறீங்க?"

"சும்மா ஒரு பேருக்குத்தான் மேரி."

"பேருக்குன்னாலும் வேண்டாம். நீங்க என் பக்கத்துல இருக்கணும். அது தீட்டுக்காக இல்ல, எனக்காக. அப்படிச் சொல்லிக் கேளுங்க."

"அப்படி ஒரு லீவு அவருக்குத் தெரியாது."

"தெரிய வைங்க."

நான்கு பேர் வேலையைத் தனியாகப் பார்த்தபோதுகூட அவனுக்கு இத்தனை மலைப்பாக இருந்ததில்லை.

வலி வந்த காலையில் செபஸ்தியான் வீட்டில்தான் இருந்தான். எந்தப் புனிதரும் காரணமில்லை. எதிர்க் கம்பெனி ஆள் ஒருவன் இரண்டு பஸ்களின் சக்கரத்திலும் ஆணி வைத்துவிட்டிருந்தான். பஞ்சர் ஒட்ட நேரமாகும் என்று செபஸ்தியான் வீட்டுக்குக் கஞ்சி குடிக்க வந்தான், அப்படியே நின்றுவிட்டான். மருத்துவச்சி உண்ணாமலை வந்தாள். மதியம் பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, எல்லாரையும் அதட்டும் குரலோடு இருந்தது.

செபஸ்தியான் கவுண்டரிடம் போனான். தெருவைக் கடந்தே போனான்.

"பொம்பளப் புள்ளைங்க. எங்களுக்குத் தீட்டு இல்லீங்க. நான் சொன்னது வாபஸ். ஆனா லீவு வேணும்."

"தீட்டு இல்லாம எப்படிப்பா லீவு?"

"ஊட்டுல வேலை இருக்குதுங்க. பாக்க வேற ஆளில்லீங்க."

"அதுக்கு நான் சம்பளம் குடுக்க முடியாது."

"சரிங்க. சம்பளமில்லாமயே இருந்துக்கறேன்."

அவன் போய்விட்டான். கையில் இருந்த காசு தம்மம்பட்டிச் சந்தை நாள் வரைக்கும்கூட வராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சந்தை நாள் வந்தது. கவுண்டர் வீட்டு வாசலில் வெற்றிலைக் கூடைகளும் கோழிகளும் ஓர் ஆட்டுக்குட்டியும் காத்திருந்தன. கூடவே அவற்றின் சொந்தக்காரர்களும். டிரைவர் இல்லை. எதிர்க் கம்பெனி பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துக்கொண்டே மெதுவாகப் போனது. இரண்டாவது தடவை அதில் ஆட்டுக்குட்டியும் ஏறிவிட்டது.

கவுண்டர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு செபஸ்தியான் வீட்டுக்கு நடந்தார். பொன்னாத்தாளும் பின்னால் நடந்தாள்.

செபஸ்தியான் வாசலில் உட்கார்ந்து சுக்கு இடித்துக்கொண்டிருந்தான். உள்ளே இன்பமேரி கட்டிலில் படுத்திருந்தாள். குழந்தை தூளியில் தூங்கியது. வீடு அமைதியாக இருந்தது. கவுண்டர் எட்டிப் பார்த்தார். அந்த அமைதி அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா இது? புள்ள தூங்குது. பெத்தவ படுத்திருக்கா. நீ சும்மா உக்காந்திருக்கற. சும்மா உக்காந்திருக்கறதுக்கு எந்த ஊர்லயாவது சம்பளம் குடுப்பாங்களா? கெளம்பு, கெளம்பு."

"நான் வந்தா இங்க ஆளில்லீங்களே."

"ஆள் எதுக்கு? என்ன பெரிய வேலை? யார் வேணும்னாலும் உக்காந்திருக்கலாம்."

"யார் வேணும்னாலுமுங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

"யார் வேணும்னாலும்!"

"அப்பச் செரிங்க. நீங்க உக்காருங்க. அவன் ஓட்டீட்டு வரட்டும்."

கவுண்டர் ஓரடி பின்னால் போனார். "எனக்குத் தீட்டு" என்றார்.

"ஏற்கனவே இருக்கறதுதானுங்க. இன்னும் புதுசா என்ன ஒட்டப் போவுது?"

"நீ உக்காரு. பொம்பள வேலை."

"இப்பத்தானுங்க வேலையே இல்லைன்னீங்க? எனக்கு வேலை இருக்குது. கண்டக்டர் இல்லீங்களே, டிக்கெட் யாரு குடுப்பாங்க?"

"நீயும் தீட்டுடி! வண்டியில ஏறக் கூடாது!"

"வள்ளியும் பொம்பளதானுங்க. அவளுக்குத் தெரியும்."

செபஸ்தியான் உலக்கையைக் கவுண்டர் பக்கம் நகர்த்தி வைத்தான். "பொடியாகற வரைக்கும் இடிக்கணுங்க" என்றான். உள்ளே இருந்து இன்பமேரி தலையைத் தூக்கிப் பார்த்து, "வாங்க ஐயா" என்றாள்.

இருவரும் போய்விட்டார்கள். கவுண்டர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் சொன்னதுபோலவே இருந்தது.

"ஐயா, அடுப்பு அணைஞ்சு போச்சுங்க" என்றாள் இன்பமேரி.

கவுண்டர் வாழ்நாளில் கற்பூரத்தைத் தவிர எதையும் பற்றவைத்ததில்லை. ஊதினார். சாம்பல் திரும்பி அவரையே ஊதியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அடுப்பு எரிந்தது, குழந்தை அழுதது.

"தூளிய ஆட்டுங்க ஐயா."

ஆட்டினார். கஞ்சி பொங்கியது. தூளியை விட்டுவிட்டுக் கஞ்சிக்கு ஓடினார். குழந்தை கத்தியது. கஞ்சியை விட்டுவிட்டுத் தூளிக்கு ஓடினார். அடுப்பு மறுபடி அணைந்தது.

"வெந்நி வேணுங்க ஐயா. அந்தத் துணியெல்லாம் அலசணும். சுக்கு ஆச்சுங்களா?"

குழந்தையைத் தூக்கினார். வேட்டி நனைந்தது. தூக்கிய கையை மாற்றினார். மேல்துண்டும் நனைந்தது. பக்கத்து வீட்டு ராஜம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"கவுண்டரே! என்னுங்க, புது வேலைங்களா?"

"சும்மா உக்காந்திருக்கறேன்" என்றார் கவுண்டர், நின்றுகொண்டே.

எதற்கும் குழந்தை அடங்கவில்லை. முருகன் பாட்டு பாடினார். அது இன்னும் கத்தியது. வேறு வழி தெரியாமல் பஸ்போல உறுமிப் பார்த்தார். குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தது.

கவுண்டர் வண்டியை எடுத்தார். உறுமிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்தார். ராசிபுரம் எல்லை தாண்டினார். நாமகிரிப்பேட்டையில் கியர் மாற்றினார். குழந்தையின் கண் சொருகியது. முள்ளுக்குறிச்சியில் மூச்சு வாங்க நிறுத்தினார். குழந்தை விழித்துக் கத்தியது. உடனே கிளம்பினார். தம்மம்பட்டி போய்ச் சேர்ந்தும் அது தூங்கவில்லை. கெங்கவல்லி வரைக்கும் போனார். அவர் கம்பெனிக்கு அங்கே பர்மிட்டே கிடையாது.

கட்டிலில் இன்பமேரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழுவாதே சாமி" என்றார் கவுண்டர். "இதோ தூங்கீரும்."

பொழுது சாயும்போது செபஸ்தியானும் பொன்னாத்தாளும் வந்தார்கள். பொன்னாத்தாளின் தோளில் தோல் பை தொங்கியது, கனமாக. அன்று வள்ளியில் ஒருவரும் ஓசியில் ஏறவில்லை. ஏறப் பார்த்தவர்களின் தகப்பன் பெயர்கூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

கவுண்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீசையில் சாம்பல். மடியில் குழந்தை. தொண்டையிலிருந்து சன்னமாக ஓர் உறுமல் வந்துகொண்டிருந்தது.

"சத்தம் போட்டறாதீங்க" என்று கிசுகிசுத்தார். "இப்பத்தான் தூங்குச்சு."

"சும்மா உக்காந்திருந்தீங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

அவர் செபஸ்தியான் பக்கம் திரும்பினார்.

"நாளையிலிருந்து நீ இங்கயே இரு. சேலத்துல ஒரு ஆள வரச் சொல்லிக்கறேன்."

"சம்பளமுங்க?"

"வரும்."

"தீட்டுன்னு சொல்லாதீங்க ஐயா" என்றாள் இன்பமேரி கட்டிலிலிருந்து.

"தீட்டில்ல தாயி. யாரு சொன்னா தீட்டுன்னு? வேலை. பஸ் ஓட்டறதக் காட்டியும் கஷ்டமான வேலை. பஸ்ஸுக்காவது பிரேக்கு இருக்குது." கவுண்டர் மூச்சு விட்டார். "இதச் செய்யறவங்களுக்குச் சம்பளம் குடுக்கறதுதான் நாயம். நாலு பேரு முன்னால வேணும்னாலும் சொல்றேன்."

செபஸ்தியான் குழந்தையை வாங்கிக்கொண்டான். அது விழிக்கவில்லை. இன்பமேரி அவனுக்கு இடம் விட்டுக் கட்டிலில் நகர்ந்து படுத்தாள்.

பொன்னாத்தாள் தோல் பையைக் கழற்றினாள். கணவனுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் மீசையிலிருந்த சாம்பலைத் துடைத்துவிட்டாள்.

"ஏனுங்க, நான் அஞ்சு பெத்து வளத்தேனுங்களே, அதுக்கெல்லாம் எப்பக் குடுக்கறீங்க?"